எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டுவிட்டால் என்ன? தேசிய ஆவணக் காப்பகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணக் காப்பகத்தோடு கொஞ்சம் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், அடுத்த நிமிடம் கேள்விகள் வரும். பாதிப் பேர் கேட்பது "ஏன் இன்னும் நெட்டில் வரவில்லை?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லப் போனால் காகிதம், மை, பூச்சி, பட்டியல், சட்டம் என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே.

ஆவணக் காப்பகம் என்பது ஒரு பெரிய பழைய நூலகம்தானே?

இல்லை. நூலகத்தில் இருப்பது பெரும்பாலும் அச்சான புத்தகம். ஒரு பிரதி போனால் வேறு எங்காவது இன்னொன்று இருக்கும். காப்பகத்தில் இருப்பது அலுவலகம் தன் வேலையைச் செய்தபோது தானாகச் சேர்ந்த காகிதம்: வந்த கடிதம், அதன் மேல் குமாஸ்தா எழுதிய குறிப்பு, மேலதிகாரி ஓரத்தில் கிறுக்கிய இரண்டு வார்த்தை, அனுப்பிய பதிலின் நகல். யாரும் வரலாறு எழுத வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியவை அல்ல, அதனாலேயே வரலாற்றுக்கு அவ்வளவு உதவுகின்றன. அநேகமாக எல்லாமே ஒற்றைப் பிரதி. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சுப் புத்தகங்களை ஓரளவு மறுபடி தேடிச் சேர்க்கலாம், ஆனால் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனது போனதுதான். காப்பகத்தில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த இரண்டாவது வகை.

தேசிய அளவில் இதற்கென்று ஓர் அமைப்பு என்பது அவ்வளவு பழைய விஷயமும் இல்லை. பிரான்சில் 1790, இங்கிலாந்தில் 1838-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியாவில் 1891 மார்ச் 11-இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மென்ட் (இன்றைய இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம்), அமெரிக்காவில் 1934.

அரசாங்கம் எழுதும் எல்லாக் காகிதமும் அங்கே போய்ச் சேருமா?

சேராது, சேரவும் கூடாது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, அரசு உருவாக்கும் ஆவணங்களில் 1 முதல் 3 சதவீதம்தான் நிரந்தரமாக வைக்கப்படுகிறது என்கிறது. மீதி எல்லாம் பென்சில் வாங்கிய ரசீது, விடுப்பு விண்ணப்பம், ஒரே சுற்றறிக்கையின் நாற்பதாவது நகல். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை என்று நினைக்கிறேன். ஏனென்றால் அங்கே தவறினால் திருத்த வழியே இல்லை. நூறு வருடம் கழித்து வருகிறவர் எதைத் தேடுவார் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? பிரமுகர்களின் கடிதங்களை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். கூலிப் பட்டியலும் மருத்துவமனைப் பதிவேடும் சிறைப் புத்தகமும்தான் முதலில் குப்பைக்குப் போகும். சாதாரண மனிதர்களின் பெயர் இருப்பதோ அவற்றில்தான்.

கோப்புகளைப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்தால் தேடுவது சுலபமாக இருக்குமே? நீர்ப்பாசனம் ஒரு பக்கம், கல்வி ஒரு பக்கம் என்று?

கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்தால் நாசம். ஒரு கடிதத்துக்குப் பொருள் வருவதே அது எந்தக் கட்டில், எதற்கு அடுத்து இருக்கிறது என்பதால்தான். கலெக்டர் எழுதிய கடிதத்தை உருவி 'நீர்ப்பாசனம்' என்ற பெட்டியில் போட்டுவிட்டால், அவர் எதற்குப் பதிலாக அதை எழுதினார், அதைப் படித்த மேலதிகாரி என்ன செய்தார் என்பதெல்லாம் அறுந்துவிடும். அதனால் உலகம் முழுக்க இரண்டு விதிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: எந்த அலுவலகத்தில் பிறந்ததோ அந்த அலுவலகத்தின் பெயரிலேயே இருக்கட்டும், அந்த அலுவலகம் அடுக்கி வைத்த வரிசையைக் கலைக்காதே. முதல் விதியைப் பிரான்சு 1841-இல் சுற்றறிக்கையாகவே அனுப்பியது. பொருள்வாரியாகத் தேடுவதற்கு அலமாரியைக் கலைக்க வேண்டியதில்லை, பட்டியல் போதும்.

சரி, பட்டியல் போடுவதில் அப்படி என்ன இருக்கிறது? ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கும் எனக்கு. என்னைக் கேட்டால் காப்பகத்தின் உயிரே பட்டியல்தான், கட்டடமும் ஸ்கேனரும் எல்லாம் அப்புறம்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒரே கோப்புக்கு இரண்டு விதமாகப் பதிவு போடலாம். முதலாவது: "வருவாய்த் துறை, பலவகை, 1877, 1 கட்டு." இரண்டாவது: "வருவாய்த் துறை. பஞ்ச நிவாரணப் பணிகளில் கூலி விகிதம் பற்றிய கடிதப் போக்குவரத்து, 1877 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை. 112 தாள்கள். ஆங்கிலம், இணைப்பாக 9 தமிழ் மனுக்கள், கைச்சாத்துடன். 2 வரைபடங்கள், ஒன்று மடிப்பில் கிழிந்தது." முதலாவதை எழுத அரை நிமிடம் போதும். இரண்டாவதுக்கு யாராவது 112 தாளையும் புரட்ட வேண்டும், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அந்தக் காலத்து நிர்வாகம் எப்படி நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த 9 மனுக்களை எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுடைய பிள்ளைகள் வந்து தேடினால், முதல் பதிவில் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. கோப்பு அலமாரியில்தான் இருக்கும், பத்திரமாகவே இருக்கும், ஆனால் இல்லாத மாதிரிதான்.

எப்படி எழுத வேண்டும் என்பதற்குச் சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது, சுருக்கப் பெயர் ஐசாட்-ஜி, 1994-இல் வந்தது. அதன் சாரம்: மேலிருந்து கீழே வா. முதலில் அந்த அலுவலகம் எது, என்ன செய்தது, பிறகு அதன் தொடர்கள் (ஒரே வகைக் கோப்புகளின் வரிசைகள்), பிறகு கோப்பு, தேவைப்பட்டால் மட்டும் தனித்தாள். மேலே சொன்னதைக் கீழே திருப்பிச் சொல்லாதே. எல்லாவற்றையும் தாள் வரைக்கும் பட்டியலிட ஆசைப்படும் காப்பகங்கள் முதல் பத்து அலமாரியைத் தாண்டுவதில்லை.

பட்டியலின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் இரண்டு தீவிபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1922 ஜூன் 30-இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் இருந்த பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பல். ஆனால் அங்கே இருந்த ஹெர்பர்ட் வுட் என்ற காப்பக அதிகாரி 1919-இல்தான் எந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு வழிகாட்டியை அச்சிட்டிருந்தார். எது போனது என்று தெரிந்தது. அதனால் அவற்றின் நகல்களும் குறிப்புகளும் வேறு எந்தக் காப்பகத்தில் இருக்கின்றன என்று தேடிப் பிடித்து, சரியாக நூறு வருடம் கழித்து 2022-இல் இணையத்தில் அந்தக் கட்டடத்தையே மறுபடி எழுப்பிவிட்டார்கள். இன்னொன்று, 1973 ஜூலை 12, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். ராணுவ வீரர்களின் பணிக்கோப்புகள் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை எரிந்தன. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருள்) இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. யாருடைய கோப்பு எரிந்தது என்பதையே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்னாள் வீரர் ஒருவர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தேடிப் பார்த்து, கரிந்த மிச்சம் இருந்தால் அதைப் பிரித்து, அவர் வேலை பார்த்த விவரத்தை வேறு பதிவுகளிலிருந்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

இணையப் பட்டியலில் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. அப்படியென்றால் இல்லை என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம் ஆகட்டும் (2015-இல் தொடங்கியது), லண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளம் ஆகட்டும், தேடும் பெட்டி தேடுவது பட்டியலில் எழுதியிருக்கும் சொற்களை, ஆவணத்துக்குள் இருப்பதை அல்ல. அப்புறம் ஊர்ப் பெயர்கள். திருநெல்வேலியைத் தேடுகிறவர் டின்னவெல்லி என்ற பழைய ஆங்கில எழுத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும், தஞ்சாவூருக்கு டாஞ்சூர், திருச்சிக்கு டிரிச்சினாபோலி. ஆள் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம், ஒரே மனிதரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். நல்ல காப்பகங்கள் இந்த வடிவங்களையெல்லாம் ஒரே பெயரின் கீழே இணைத்து வைக்கும், எல்லோரும் செய்வதில்லை.

தேதியிலும் ஒரு சிக்கல். நில வருவாய் ஆவணங்களில் பசலி ஆண்டு இருக்கும். தமிழ்நாட்டுக் கணக்குப்படி பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருடம் வரும்: பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. பட்டியலில் ஒரு வருடம் போட்டிருந்தால் முன்னும் பின்னும் ஒரு வருடம் சேர்த்துத் தேடுங்கள்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் ஆவணத்தைத் தேடுவதை விட்டுவிட்டு அலுவலகத்தைத் தேடுங்கள். "இந்த விஷயத்தை அந்தக் காலத்தில் எந்தத் துறை கவனித்திருக்கும்?" என்று யோசித்து, அந்தத் துறையின் தொடருக்குள் வருட வாரியாக இறங்க வேண்டும். பழகிய ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் போகிறார்கள், சொல் தேடல் அவர்களுக்கு ஆரம்பம் மட்டும்தான்.

முந்நூறு வருடக் காகிதம் நன்றாக இருக்கிறது, எழுபது வருடக் காகிதம் தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. ஏன்?

பழைய காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்தது. நீளமான இழைகள், உறுதி அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காகிதத்தில் மை பரவாமல் இருக்கப் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்க்க ஆரம்பித்தார்கள், அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து துணிக்குப் பதில் மரக்கூழ் வந்தது. படிகாரம் காகிதத்துக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கும், அது இழைகளைத் துண்டு துண்டாக வெட்டும். அதனால் ஆபத்தில் இருப்பது ஆகப் பழையது அல்ல. சுமார் 1850-க்கும் 1980-களுக்கும் இடைப்பட்ட காகிதம்தான். செய்தித்தாள், மலிவான அலுவலகத் தாள், தட்டச்சு நகல்கள் எல்லாம் இதில் வரும்.

மையும் சும்மா இருப்பதில்லை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த கறுப்பு மைதான் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய அலுவலகங்களின் மை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே எழுதியதும் அதில்தான். கலவையில் அன்னபேதி கூடிவிட்டால் அதிலிருக்கும் இரும்பும் அமிலமும் காலப்போக்கில் காகிதத்தை அரிக்கும். முதலில் எழுத்து பழுப்பாகும், பிறகு பின்பக்கம் தெரியும், கடைசியில் எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டையாக விழுந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே அந்தத் தாளைப் பிடித்தால் எழுத்தைத் துளை வழியாகப் படிக்கலாம்.

பூச்சி, ஈரம், வெயில் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்? முழுக்க ஏசி போட்டால் போதாதா?

ஏசி உதவும், ஆனால் எத்தனை டிகிரி என்பதைவிட ஏறி இறங்காமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காகிதம் ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்து சுருங்கும். பகலில் ஏசி ஓட்டிவிட்டு மாலை அலுவலகம் முடிந்ததும் அணைத்துவிடும் காப்பகத்தில் இந்த உப்பலும் சுருக்கமும் தினமும் நடக்கிறது. அதற்கு நல்ல காற்றோட்டமும் தடித்த சுவரும் உள்ள பழைய அறையே தேவலை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், ரொம்பக் குறைந்தால் காகிதமும் தோல் அட்டையும் வறண்டு உடையும். நடுவில் 40, 50 என்று நிலையாக வைத்திருப்பதுதான் குறிக்கோள்.

பூச்சிக்கும் பூஞ்சைக்கும் முன்பெல்லாம் தைமால் புகை, டிடிடி, எத்திலீன் ஆக்சைடு என்று என்னென்னவோ அடித்தார்கள். பூச்சியும் செத்தது, வேலை செய்தவர்களின் உடம்பும் கெட்டது. இப்போது பெட்டியோடு ஆழ்ந்த குளிரில் உறைய வைப்பது, அல்லது ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பிய கூடாரத்துக்குள் சில வாரம் வைப்பது. அதைவிட முக்கியம் சுத்தம். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் ஈரமான மூலை, சுவரை ஒட்டிய அலமாரி, தரையில் வைத்த கட்டு இவை கிடைக்காமல் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய தாளைத் தொடும்போது வெள்ளைக் கையுறை போட வேண்டுமா? டிவியில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

காகிதத்துக்கு வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரல் நுனிக்கு உணர்ச்சி போய்விடும், நொறுங்கும் ஓரம் நூலில் மாட்டிக் கிழியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள், அவ்வளவுதான். புகைப்படம், நெகட்டிவ், உலோகப் பொருள் என்றால் கையுறை அவசியம், ஏனென்றால் விரல் எண்ணெய் அங்கே நிரந்தரமாகப் பதியும்.

கிழிந்த தாளைச் செல்லோடேப் போட்டு ஒட்டலாமா? லேமினேட் செய்துவிடலாமா?

இரண்டும் கூடாது. டேப்பின் பிளாஸ்டிக் சில வருடத்தில் உரிந்து விழுந்துவிடும், அதன் பசை காகிதத்துக்குள் இறங்கி மஞ்சளாகி அங்கேயே தங்கும். லேமினேஷனைப் பொறுத்தவரை பெரிய பெரிய காப்பகங்களே இதில் சூடு பட்டிருக்கின்றன. 1930-களில் அமெரிக்காவில் வில்லியம் பேரோ என்ற ஆவணப் பாதுகாப்பு நிபுணர் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் முறையைப் பரப்பினார்; பல நாடுகளில் முக்கியமான ஆவணங்களுக்கே முதலில் செய்தார்கள், அதுதான் கொடுமை. பிற்பாடு பார்த்தால் அசிடேட்டும் சிதைகிறது, உள்ளே அமிலமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. பல இடங்களில் அசிட்டோனில் ஊறவைத்து அதைத் தாள் தாளாகப் பிரித்தெடுக்க வேண்டிவந்தது.

இன்றைய முறை வேறு. கோசோ என்ற முசுக்கட்டை இன மரப்பட்டையிலிருந்து செய்த மெல்லிய ஜப்பானியத் தாள், கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சிய பசை. ஜப்பானியத் தாளைக் கத்தரியால் வெட்ட மாட்டார்கள். ஈரத் தூரிகையால் கோடு போட்டுக் கையால் பிய்ப்பார்கள், ஓரத்தில் இழைகள் முடிபோல நீட்டிக்கொண்டு நிற்கும், அவைதான் பழைய தாளின் இழைகளோடு பின்னிப் பிடிக்கும். ஒட்டியது தெரியவே தெரியாது, ஆனால் நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் கொஞ்சம் ஈரம் காட்டினால் வந்துவிடும். நாளைக்கு இன்னும் நல்ல முறை வரலாம் என்பதால், திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதே என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி.

வெள்ளம் வந்து கட்டுகள் நனைந்துவிட்டால்?

48 மணி நேரம்தான் கெடு, வெப்பமான ஊரில் அதுகூட இல்லை. அதற்குள் பூஞ்சை வந்துவிடும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்கப் பார்க்காதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். உடனே காற்றில் உலர்த்த முடிந்த அளவை மட்டும் மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டு, மீதியை அப்படியே பொட்டலமாக உறைய வைத்துவிட வேண்டும். உறைந்தபின் அவசரம் இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்கும். பிறகு வெற்றிடத்தில் வைத்து உலர்த்துவார்கள். செயின்ட் லூயிஸில் தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய கோப்புகளை விமானம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வெற்றிட அறைக்குக் கொண்டுபோய்த்தான் உலர்த்தினார்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. ஸ்கேன் செய்வது அவ்வளவு கஷ்டமா? என் போனிலேயே நிமிடத்துக்கு இருபது பக்கம் எடுப்பேனே.

எடுக்கலாம். உங்கள் சொந்த ஆராய்ச்சிக்கு அது தாராளமாகப் போதும். காப்பகம் செய்வது வேறு. முதலில் கட்டைப் பிரிக்க வேண்டும், துருப்பிடித்த குண்டூசியை எடுக்க வேண்டும், மடிப்பை நீவ வேண்டும், தாளுக்குத் தாள் பென்சிலால் எண் போட வேண்டும். எண் போடாமல் ஸ்கேனுக்கு அனுப்பிய கட்டு திரும்பி வரும்போது அதே வரிசையில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் மேலிருந்து படமெடுக்கும் கேமரா, புத்தகம் முழுக்க விரியாமல் தாங்கும் V வடிவத் தொட்டில், நிறம் சரிபார்க்க ஓரத்தில் ஒரு வண்ண அட்டை. தாளை உள்ளே இழுத்துத் துப்பும் அலுவலக ஸ்கேனரைப் பழைய காகிதத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. படம் எடுத்ததும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்: பக்கம் விட்டுப்போனதா, விரல் தெரிகிறதா, ஓரக் குறிப்பு வெட்டுப்பட்டதா. எல்லாம் முடிந்து ஒவ்வொரு படத்தையும் பட்டியலோடு இணைக்க வேண்டும். உண்மையில் கிளிக் செய்யும் நேரம்தான் மொத்த வேலையில் ஆகக் குறைவு.

அளவையும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுத்தால் சுமார் 46 எம்பி. 10 லட்சம் பக்கத்துக்கு 46 டெராபைட். மூன்று பிரதி வைத்தால் 140-ஐ நெருங்கும். 10 லட்சம் பக்கம் என்பது ஒரு தேசியக் காப்பகத்துக்கு ஒரு மூலை. நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் மட்டுமே அலமாரியில் 1 கிலோமீட்டருக்கு மேல் நீளும். நாகப்பட்டினத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன கடிதங்களும் அதில்தான் இருக்கின்றன.

ஸ்கேன் முடிந்துவிட்டால் மூலத்தைக் கழித்து இடத்தைக் காலி செய்யலாம்தானே?

தயவுசெய்து அந்த யோசனையை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்காவது ஒரு அதிகாரி ஆமாம் என்று சொல்லிவிடுவார். படத்தில் வராத விஷயங்கள் நிறைய: காகிதத்தின் நீர்க்குறி, தையல் துளை, எந்தத் தாள் பிறகு செருகப்பட்டது, சுரண்டி அழித்த இடம். அதைவிடப் பெரிய காரணம், டிஜிட்டல் கோப்புக்குக் காகிதத்தைவிட அதிகக் கவனிப்பு வேண்டும். நல்ல காகிதத்தை உலர்ந்த பெட்டியில் போட்டு ஐம்பது வருடம் மறந்துவிடலாம், திறந்தால் படிக்கலாம். ஹார்ட் டிஸ்க்கைப் பத்து வருடம் மறந்து பாருங்கள்.

அதனால் முறையாகச் செய்கிறவர்கள் குறைந்தது மூன்று பிரதி, வெவ்வேறு இடங்களில், ஒன்றாவது வேறு ஊரில் என்று வைப்பார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் கணக்கிடப்படும். ஷா-256 முறையில் அது 64 எழுத்து நீளம். கோப்புக்குள் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த 64-உம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அவ்வப்போது கணினி எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் நல்ல பிரதியிலிருந்து எடுத்துச் சரி செய்யும். இதை யாரும் செய்யாமல் சும்மா டிஸ்க்கில் போட்டு அலமாரியில் பூட்டினால் அது வெறும் ஒத்திவைப்பு. மைக்ரோஃபிலிமைப் பழசு என்று சிரிப்பவர்கள் உண்டு. பாலியெஸ்டர் தளத்தில் வெள்ளி உப்புப் படலம், முறையாகக் கழுவிச் சரியான குளிரில் வைத்தால் 500 வருடம் தாங்கும் என்பது கணிப்பு. படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும்.

கம்ப்யூட்டரே பழைய கையெழுத்தைப் படித்துவிடுமாமே?

ஓரளவு, ஆமாம், இது உண்மையிலேயே சந்தோஷமான விஷயம். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருளுக்கு மனிதர்கள் படித்து எழுதிய கணிசமான பக்கங்களைக் கொடுத்துப் பழக்கினால், அதே மாதிரிக் கையெழுத்துள்ள மற்ற பக்கங்களைத் தானே படிக்கும். மேலே சொன்ன டச்சுக் கம்பெனி ஆவணங்களில் பல லட்சம் பக்கங்களை இப்படிப் படிக்க வைத்திருக்கிறார்கள். பிழை இருக்கும், ஆனால் தேடிக் கண்டுபிடிக்கப் போதும். தமிழுக்கு வேலை இன்னும் பாக்கி. அச்சிலேயே 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களில் மென்பொருள் தடுமாறுகிறது. பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. படிக்கத் தெரிந்த மனிதர்கள் இருக்கும்போதே அவர்களைக் கொண்டு மாதிரிப் பக்கங்களை எழுதி வாங்கிவிட வேண்டும்.

சில ஆவணங்களைக் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்களே?

பெரும்பாலும் சட்டம். இந்தியாவில் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டத்தின் கீழ், 25 வருடத்துக்கு மேற்பட்டவை காப்பகத்துக்கு வர வேண்டும் என்பது பொது நடைமுறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை அமெரிக்கா 72 வருடம் மூடி வைக்கிறது. 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரல் 1-இல்தான் வெளியாயின. இங்கிலாந்தில் 100 வருடம். அங்கே 1921 கணக்கெடுப்பு 2022-இல் வந்தது, 1931 தாள்கள் 1942-இல் தீயில் போயின, 1941-இல் போரால் கணக்கெடுப்பே இல்லை. அடுத்ததற்கு 2052 வரை காத்திருக்க வேண்டும்.

படிக்கும் அறையில் பேனா கூடாது, பை கூடாது, ஆள் நின்று பார்க்கிறார். திருடன் மாதிரி நடத்துகிறார்களே?

திருடுவது மட்டும் இல்லை, உள்ளே செருகுவதும் நடக்கிறது. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டாம் உலகப் போர் பற்றிய 12 கோப்புகளுக்குள் 29 போலி ஆவணங்கள் புதிதாக வைக்கப்பட்டிருந்தது 2005-இல் தொடங்கிய விசாரணையில் தெரியவந்தது. 1940-களின் கடிதத் தலைப்பு என்று சொல்லப்பட்டது லேசர் பிரிண்டரில் அச்சானது. அவற்றை ஆதாரமாகக் காட்டிப் புத்தகங்களே வந்துவிட்டன. முன்கூட்டியே தாள் எண் போட்டுப் பட்டியலிட்ட கோப்பாக இருந்தால் கூடுதலாக ஒரு தாள் வந்ததைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு இல்லை.

எங்களிடம் சின்னக் காப்பகம்தான், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. நல்ல ஸ்கேனராக ஒன்று சொல்லுங்கள்.

ஸ்கேனரைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாக நடந்து, எந்தத் தட்டில் எந்த அலுவலகத்தின் எந்த வருடக் கட்டு இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள், உள்ளே பிரிக்க வேண்டாம். அந்த நோட்டைத் தட்டச்சு செய்து ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். அடுத்து, தரையில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றி, அமிலமில்லாத அட்டைப் பெட்டிகள் வாங்கிக் கட்டுகளை அதில் போடுங்கள். பெட்டி தூசி, வெளிச்சம், கசியும் தண்ணீர் மூன்றையும் கொஞ்சமாவது தடுக்கும். பழைய சினிமாச் சுருளோ நெகட்டிவோ இருந்தால் உடனே தனியாக எடுத்துவிடுங்கள்: புளிப்பு வாடை அடித்தால் அசிடேட், அது மற்றவற்றையும் கெடுக்கும். 1950-களுக்கு முந்தைய 35 மில்லிமீட்டர் சுருள் நைட்ரேட்டாக இருக்கலாம், அது தன் ஆக்சிஜனைத் தானே உண்டாக்கித் தண்ணீருக்குள்ளும் எரியும். 1978-இல் அமெரிக்கக் காப்பகத்தின் ஒரு கிடங்கில் ஒரு கோடி அடிக்கு மேல் செய்திப்படம் போனது இப்படித்தான். அதற்குத் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள், நீங்களே கையாள வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகு பணம் மிச்சமிருந்தால், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வருடச் சம்பளமாகக் கொடுத்து, அதிகம் கேட்கப்படும் தொடரை முதலில் பட்டியலிடச் சொல்லுங்கள். எந்தக் கட்டை ஸ்கேன் செய்வது என்று அவர் சொல்வார். அதுவரை ஸ்கேனரை வாடகைக்கு எடுத்தாலே போதும்.